நனையக் கூடாத நீர்மூழ்கி

எலப்புள்ளியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறி மாறி அரைநாள் போக வேண்டும். ஆழ்கடல் எந்திர ஆய்வு மையத்தை அங்கே அமைத்ததற்குக் காரணமும் அதுதான். கடற்கரை ஊர்களில் இருக்கும் மையங்களில் ஊழியர்களின் கவனம் அடிக்கடி கடல் பக்கம் போய்விடுகிறது என்று நிபுணர் குழு ஒன்று கண்டுபிடித்திருந்தது. கடலின் தொந்தரவு இல்லாத இடத்தில்தான் கடலைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியும் என்று அது பரிந்துரைத்தது. கஞ்சிக்கோடு போகும் சாலையில் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள். வாசலில் சிமெண்டில் ஒரு திமிங்கலம் செய்து வைத்தார்கள். அதன் வாய்க்குள் காவலாளி சைக்கிளை நிறுத்திக்கொண்டார்.

இந்த மையத்தில் ரோபோ இயக்குபவனாகச் சேர்ந்தான் சிவப்பிரகாஷ். அதே ஊரில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மகன். கோயமுத்தூரில் படித்துவிட்டு, சில வருஷம் கப்பலில் இருந்து கடலடிக் குழாய்களைப் பார்வையிடும் ரோபோக்களை ஓட்டியவன். கப்பலின் இரும்பு அறைக்குள் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே, அரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு போல்ட்டை முடுக்குவது அவனுக்குத் தெரிந்த வேலை. சொந்த ஊரிலேயே ஆழ்கடல் வேலை என்று விளம்பரம் வந்தபோது அவனால் நம்ப முடியவில்லை. அம்மா மருதாத்தாள் உடனே நம்பினாள்.

சேர்ந்த அன்றைக்குப் பண்டகசாலைப் பொறுப்பாளர் ஆறுச்சாமி அவனைச் சோதனைத் தொட்டிக்கு அழைத்துப்போனார். ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத ஆழம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில், கயிற்றுக் கட்டில் அளவில், மஞ்சள் நிறத்தில், இரண்டு இரும்புக் கைகளோடு ரோபோ நின்றது. ஜலராஜன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாங்கியபோது சுற்றியிருந்த பாலித்தீன் உறை அப்படியே இருந்தது.

தொட்டியில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று சிவப்பிரகாஷ் கேட்டான்.

"தண்ணி உட்டா ஜலராஜன எங்கீங்க தம்பி வைக்கறது? இந்த ஆபீசுலயே பத்திரமான எடம் இந்தத் தொட்டிதானுங்க" என்றார் ஆறுச்சாமி.

அவர் கெட்டவர் அல்ல. பண்டகசாலை விதி அவருக்கு மனப்பாடம். ஒரு பொருள் எந்த நிலையில் இருப்புக்கு வந்ததோ அதே நிலையில் தணிக்கைக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். ஜலராஜன் வந்தபோது நனையாமல் வந்தது. ஆகவே நனையக் கூடாது. நனைந்தால் அது பழைய பொருள் ஆகிவிடும். பழைய பொருளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியுமா என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

அதற்காக வேலை நடக்காமல் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் உலர் முக்குளிப்பு நடந்தது. சிவப்பிரகாஷ் திரை முன்னால் உட்கார்ந்து ரோபோவை ஓட்டும் விசைக்குச்சியை முன்னும் பின்னும் அசைப்பான். கேபிள் மாட்டப்பட்டிருக்காது; மாட்டினால் கேபிள் தேயும். பிறகு அவன் கையெழுத்துப் போட வேண்டும். எட்டிய ஆழம் பூஜ்யம் மீட்டர், ரோபோ பத்திரமாகத் திரும்பியது. உலகத்தில் ஆழ்கடல் ரோபோக்கள் பல காணாமல் போயிருக்கின்றன, அழுத்தம் தாங்காமல் நொறுங்கியிருக்கின்றன, கேபிள் அறுந்து நின்றிருக்கின்றன. ஒரு கீறல்கூட விழாத ஒரே மையம் இது என்று வருஷாந்திரக் கூட்டத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைத் தொட்டிக்குள்ளேயே ஜலராஜன் காலடியில் வைத்தார்கள்.

வீட்டில் ஈஸ்வரமூர்த்தி, இன்றைக்கு எவ்வளவு ஆழம் போனாய் என்று சாப்பிடும்போது கேட்பார். அவன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கொஞ்ச நாளில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மையத்தின் இயக்குநர் டாக்டர் கோபிநாத். இதற்கு முன்பு கைத்தறியிலும் பட்டுப்புழுவிலும் உயர் பதவிகள் வகித்தவர். ஜலராஜனில் கேபிளின் பின்னலைப் பற்றி மட்டும் அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. மாதம் ஒருமுறை 'ஆழ்கடலின் சவால்கள்' என்று கருத்தரங்கம் நடத்துவார். ஒருமுறை சிவப்பிரகாஷைப் பேசச் சொன்னார். அவன் ஆசையாகத் தயார் செய்துகொண்டு போய்ப் பேசினான். கீழே போகப் போக அழுத்தம் எப்படிக் கூடுகிறது, கொஞ்ச தூரத்திலேயே சூரிய வெளிச்சம் எப்படி நின்றுபோகிறது, தண்ணீருக்குள் ரேடியோ அலை போகாததால் ஏன் ரோபோவுக்குக் கேபிள் வேண்டியிருக்கிறது, கேபிள் இல்லாமல் போகும் ரோபோக்கள் ஏன் ஒலியை நம்பி இருக்கின்றன, உப்பு எப்படி இரும்பைத் தின்கிறது. கடைசியில் கோபிநாத் எழுந்து தொகுத்துப் பேசினார்.

"நண்பர்களே, தம்பி சொன்னதைக் கேட்டபோது என் மனம் நிறைந்தது. அங்கே வெளிச்சம் போகாது. மேலே இருப்பவர் சொல்வது கீழே இருப்பவருக்குக் கேட்காது. கீழே நடப்பது மேலே தெரியாது. பயங்கரமான அழுத்தம். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒன்றும் அசையாமல் அமைதியாக இருக்கிறது. இந்த நிலையை அடைய மற்ற நாடுகள் கடலுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. நாம் தரையிலேயே அடைந்துவிட்டோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். சிவப்பிரகாஷும் தட்டினான். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை.

தண்ணீரில் இறங்காத ஜலராஜன் தரையில் நிறைய ஊர் சுற்றியது. பாலித்தீன் உறையோடு லாரியில் ஏறிக் கண்காட்சிகளுக்குப் போகும். அப்படித்தான் மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வண்டிப்பெரியாருக்கும் போனது. பள்ளிக்கூட மைதானத்தில் அதைச் சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் சிவப்பிரகாஷை நிறுத்தியிருந்தார்கள். கொழுந்து பறித்து முடித்துவிட்டு நேராக வந்திருந்த ஒரு பெண் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் நின்றாள். முருகேஸ்வரி என்று பெயர். மேட்டு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் குடிதண்ணீர் விடும் கமிட்டிக்கு அவள்தான் தலைவி.

"இது தண்ணிக்குள்ள போவுமா சார்?" என்று கேட்டாள்.

"போகுங்க."

"போயி ஏதாச்சும் அடைச்சிருந்தா எடுக்குமா?"

"எடுக்குங்க" என்றான். பொய் இல்லை. ஜலராஜனால் முடியும்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். எஸ்டேட்டுக்கு மேலே ஒரு சின்ன அணை. அதன் அடியில் இருக்கும் குழாய் வழியாகத்தான் லயங்களுக்குத் தண்ணீர் வரும். போன மழையில் குழாயின் வாயை ஏதோ அடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீர் கலங்கல். உள்ளே கை நீட்டினால் விரல் தெரியாது. ஒரு பையன் துணிந்து இறங்கிக் குளிரில் கை கால் விறைத்து, உள்ளே ஏதோ அவன் காலை இழுக்க, நாலு பேர் சேர்ந்து மீட்டார்கள். அதற்குப் பிறகு ஆள் இறங்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். இப்போது பெண்கள் வேலைக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் அட்டைக்கடியோடு பள்ளத்து ஓடைக்குப் போய்த் தண்ணீர் சுமக்கிறார்கள். போன வாரம் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிப் படுத்திருக்கிறாள்.

நான் வந்து எடுத்துத் தருகிறேன் என்று சிவப்பிரகாஷ் வாக்குக் கொடுத்தான். சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே வேலை செய்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

ஊர் திரும்பியதும் கோபிநாத்திடம் போய்க் கேட்டான். மறுப்பார் என்று நினைத்துப் போனவனுக்கு ஆச்சரியம், அவர் மகிழ்ந்துபோனார். இதுவரை எந்த ஆழ்கடல் மையமும் மலைக்குப் போனதில்லை என்றார். உடனே 'மலைமகள் மடியில் ஆழ்கடல் விழா' என்று பெயரும் வைத்தார். ரோபோ அணையில் இறங்குமா என்று சிவப்பிரகாஷ் கேட்டதற்கு, கரையோரம் வரை போகும் என்றார். கரையில் நின்றால் அடைப்பு எப்படிப் போகும் என்று அவன் கேட்டான். மக்களுக்கு முதலில் வேண்டியது நம்பிக்கை, தண்ணீர் பிறகு தானாக வரும் என்று கோபிநாத் அன்பாக விளக்கினார்.

விழா நாளில் அணைக்கரையில் தகரக் கூரை போட்ட மேடை. அதற்கு முன்னால் தெர்மோகோலில் பெரிய பெரிய எழுத்துகள் வெட்டி ஒட்டிய வளைவு. மைக் செட் போட வந்த மணிகண்டன் கொண்டுவந்திருந்த ஜெனரேட்டர் ஒன்று. கிரேன் வைத்த லாரியில் ஜலராஜன் தன் திரையோடும் கேபிள் சுருளோடும் நின்றது. மாலை போட வேண்டும் என்பதற்காக முதல்முறையாக அதன் பாலித்தீன் உறையைக் கழற்றினார்கள். ஆறுச்சாமி அதை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பல் டாக்டரிடம் விட்டவர் போல நின்றார்.

முருகேஸ்வரியும் லயத்துப் பெண்களும் குடங்களோடு வந்திருந்தார்கள். தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்ததால் காலியாகக் கொண்டுவந்திருந்தார்கள். முன்வரிசையில் காலிக் குடங்களைப் பார்த்த கோபிநாத், பூரணகும்ப வரவேற்பு ஏற்பாடு பிரமாதம் என்று எஸ்டேட் மேனேஜரிடம் பாராட்டினார்.

பிறகு பேசத் தொடங்கினார். பூமியில் முக்கால் பாகம் தண்ணீர் என்றார். அந்த முக்கால் பாகத்தையும் தொடாமலே பாதுகாத்து வருவது நம் மையம் என்றார். வெகுநேரம் போயிற்று. முருகேஸ்வரி எழுந்து மேடைக்குக் கீழே வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"எப்பய்யா எறங்கும்?"

"எறங்குறதுதான் அம்மா சுலபம். எறங்காமல் இத்தனை வருஷம் நிற்பதுதான் சாதனை" என்றார் கோபிநாத்.

அவள் திரும்பி சிவப்பிரகாஷைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். தாமதமாகும் பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்க் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மழை வந்தது. மலை மழை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராது. மையத்து ஊழியர்கள் குடையோடு லாரிக்கு ஓடினார்கள். நீர்மூழ்கிக்கு ஏழெட்டுப் பேர் குடை பிடித்துக்கொண்டு தாங்கள் நனைந்தார்கள். காற்று குடைகளைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஆறுச்சாமி உறையைப் பிரித்துப் போர்த்தப் பார்த்தார். உறை பறந்து தேயிலைச் செடிகளின் மேல் போய் விழுந்தது. ஜலராஜன் மேல் மழை கொட்டியது. தகரக் கூரைக்குக் கீழே இருந்த கோபிநாத், தண்ணீரின் மகத்துவத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

ஆறுச்சாமி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி நடந்ததில்லை. சிவப்பிரகாஷ் அவர் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"நனைஞ்சு போச்சுங்களே தம்பி" என்றார்.

"நனைஞ்சாச்சுங்க. இனி எவ்வளவு நனைஞ்சா என்னங்க?"

அவர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. மழை கொஞ்சம் விட்டது. "நனையக் கூடாதுன்னுதானுங்க இருக்குது. எவ்வளவுன்னு எங்கயும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஜலராஜன் கடலுக்காகச் செய்யப்பட்டது. உப்புத் தண்ணீர் தூக்கிப் பிடிக்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் பிடிக்காது. அப்படியே விட்டால் போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிடும். மிதக்க வைக்க ஏதாவது கட்ட வேண்டும். சிவப்பிரகாஷ் சுற்றிப் பார்த்தான். வளைவிலிருந்து தெர்மோகோல் எழுத்துகளைப் பெயர்த்து எடுத்து ரோபோவின் முதுகில் கயிறு போட்டுக் கட்டினான். 'மலைமகள் மடியில் ஆழ்கடல்' போயிற்று. வளைவில் 'விழா' மட்டும் மிஞ்சியது.

கரண்ட்டுக்கு ஒரே ஒரு ஜெனரேட்டர்தான். மணிகண்டன் மேடையை ஒருதரம் பார்த்தான், தண்ணீரை ஒருதரம் பார்த்தான், மைக் வயரைப் பிடுங்கிவிட்டு ஜலராஜனுக்குக் கரண்ட் கொடுத்தான். கோபிநாத்துக்கு அது தெரியவில்லை. தொடர்ந்து பேசினார்.

கிரேன் ஜலராஜனைத் தூக்கித் தண்ணீருக்குள் விட்டது. கடைசி எழுத்தும் மூழ்கியதும் சிவப்பிரகாஷ் திரைக்குத் திரும்பினான். திரையில் முதலில் பழுப்பு. பிறகு இன்னும் பழுப்பு. விளக்கைப் போட்டால் கலங்கல் துகள்கள் பனி மாதிரி பறந்து கண்ணை மறைத்தன. விளக்கைக் குறைத்து, அணைச் சுவரைத் தொட்டுக்கொண்டே, பார்வையில்லாதவர் சுவரைத் தடவுவது போல ரோபோவைக் கீழே கொண்டுபோனான். வருஷக்கணக்காகக் காற்றில் ஆட்டிய குச்சி இப்போதுதான் எதற்கோ கட்டுப்பட்டிருந்தது.

குழாயின் வாய் தெரிந்தது. உரச் சாக்குகள் ஒன்றோடொன்று பின்னி, வேர்களோடு சேர்ந்து, அடைகட்டிக் கிடந்தன. இரும்புக் கையை நீட்டி ஒன்றைப் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னொன்றும் வந்தது. மூன்றாவதை அசைத்ததும் அடைப்பு உடைந்து தண்ணீர் உள்ளே பாய, அந்த இழுப்பில் ஜலராஜனும் குழாயை நோக்கிப் போகத் தொடங்கியது. மோட்டாரைப் பின்பக்கம் எவ்வளவு முடுக்கினாலும் நிற்கவில்லை.

கரையில் கேபிள் சரசரவென்று ஓடியது. அதைப் பாய்ந்து பிடித்தவர் ஆறுச்சாமி. "இருப்புப் பொருளுங்க, உட முடியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காலையும் பாறையில் ஊன்றினார். முருகேஸ்வரி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவருக்குப் பின்னால் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள். மையத்து ஊழியர்களும் குடையை விட்டுவிட்டு வந்து பிடித்தார்கள். எல்லோரும் ஒரே திசையில் இழுத்தது அந்த மையத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. சேறும் சாக்கும் வேருமாக ஜலராஜன் மேலே வந்தது. அதன் முதுகில் 'ழ்' மட்டும் மிச்சம் இருந்தது.

கீழே லயத்திலிருந்து யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. குழாயில் முதலில் காற்று வந்ததாம், பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்ததாம், இப்போது தெளிவாகவே வருகிறதாம். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினார்கள். முருகேஸ்வரி மட்டும் நின்று, கேபிளால் தோலுரிந்த ஆறுச்சாமியின் உள்ளங்கையில் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டுப் போனாள்.

மேடையில் கோபிநாத் பேசி முடித்து, கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. அதற்கடுத்த வாரம் விசாரணைக் குழு வந்தது. சாதனைக்குக் காரணம் இயக்குநர் என்பதிலும், நனைந்ததற்குக் காரணம் இயக்குநர் அல்ல என்பதிலும் குழுவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ரோபோவை ஏன் தண்ணீரில் இறக்கினாய் என்று சிவப்பிரகாஷைக் கேட்டார்கள்.

"அது நீர்மூழ்கிங்க" என்றான்.

கேள்விக்குப் பதில் சொல்லாமல் பொருளின் பெயரைச் சொன்னார் என்று குறித்துக்கொண்டார்கள். ஆறுச்சாமியை விசாரித்தபோது அவர் கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, முதலில் நனைத்தது மழை என்றும், தம்பி ஏற்கெனவே நனைந்ததைத்தான் நனைத்தார் என்றும் சாட்சி சொன்னார். மழை தங்கள் வரம்புக்குள் வராது என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் ஜலராஜன் இனி புதுப் பொருள் அல்ல. பயன்படுத்தப்பட்ட குற்றத்துக்காக அதைக் கழிவுப் பொருளாக அறிவித்து இருப்பிலிருந்து நீக்கினார்கள். எலப்புள்ளிக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் வழியில்லை. இல்லாத பொருளை லாரியில் ஏற்ற முடியாது. ஆகவே அது அணைக்கரையில் ஒரு கொட்டகையிலேயே கிடக்கட்டும் என்றும், அதற்குக் காவலாகச் சிவப்பிரகாஷைத் தண்டனை மாற்றத்தில் அனுப்புவது என்றும் முடிவாயிற்று.

மருதாத்தாள் அழுதாள். ஈஸ்வரமூர்த்தி அவனை பஸ் ஏற்ற வந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில், "எவ்வளவு ஆழம்டா போச்சு அது?" என்று கேட்டார். அவன் சொன்னான். "பரவால்லையே" என்றார்.

தண்டனையில் ஒரு வசதி இருந்தது. இல்லாத பொருளுக்கு விதி இல்லை. ஜலராஜன் பக்கத்து எஸ்டேட் ஏரிகளில் இறங்கியது, கோயில் குளத்தில் இறங்கியது, மறையூர்ப் பக்கம் கரும்புத் தோட்டக் கிணறு ஒன்றில் விழுந்துவிட்ட மோட்டாரைத் தேடி இறங்கியது. சேதி பரவிக் கடற்கரை வரைக்கும் போயிற்று. கொச்சியிலிருந்து கிளம்ப இருந்த ஒரு சின்ன ஆய்வுக் கப்பலில் ரோபோ பழுதாகியிருந்தது. அவர்கள் ஜலராஜனைக் கேட்டு வந்தார்கள். காவல் காக்கும் பொருள் எங்கே போகிறதோ அங்கே காவலரும் போக வேண்டும் என்பதால் சிவப்பிரகாஷும் போனான்.

கரை மறைந்த இடத்தில் ஜலராஜன் முதல்முறையாக உப்புத் தண்ணீரைத் தொட்டது. நீலம் கருநீலமாகி, பிறகு நிறமே இல்லாமல் போயிற்று. அரைக் கிலோமீட்டருக்கும் கீழே, அடித்தரையைப் படம்பிடித்து முடித்த பிறகு, ஒரு யோசனை தோன்றி அவன் விளக்கை அணைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தக் கும்மிருட்டில், கண்ணாடி போன்ற உடம்பு கொண்ட ஏதோ ஒரு பிராணி, தன் ஓரமெல்லாம் நீலமாக ஒளிவிட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் கேமராவைக் கடந்து போனது.

அந்தப் படத்தை அவன் மையத்துக்கு அனுப்பினான். இருப்பில் இல்லாத பொருள் எடுத்த படத்தை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. ஆனால் படம் அழகாக இருந்ததால் பெரிதாக்கி இயக்குநர் அறையில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஆறுச்சாமி போனில் சொன்னார். தொட்டிக்குள் 'ஜலராஜன் இரண்டு' என்று ஒரு புது ரோபோ வந்து நிற்கிறதாம். படத்துக்குக் கீழே அதன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்களாம். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

மலைக்குத் திரும்பியதும் சிவப்பிரகாஷ் போனில் இருந்த காட்சியை முருகேஸ்வரிக்குக் காட்டினான். குழாயடியில் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் அவள் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"இது எங்கன இருக்கு?"

"கடலுக்கு அடியிலங்க. ரொம்ப ஆழத்துல."

"அங்க ஆபீசரு யாரு?"

"யாரும் இல்லீங்க."

முருகேஸ்வரி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அதான் வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.